மண்புழு வாங்கும் முன் சாணத்தை ஆற விடுங்கள்

மண்புழு உரம் தயாரிக்கப் புழு வாங்கி வந்து தொட்டியில் விட்டேன், மூன்றே நாளில் எல்லாம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, சாணம் எத்தனை நாள் பழசு என்றுதான். பெரும்பாலும் “காலையில் போட்ட சாணம்தாங்க, நல்ல பச்சைச் சாணம்” என்றே பதில் வரும். எனக்கும் முதல் முறை அப்படித்தான் ஆனது. கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் தோட்டத்தில் இரண்டு மாடு, ஒரு ஏக்கர் வாழை, வரப்போரம் தென்னை. 1 கிலோ புழு வாங்கி வந்து, தொட்டியில் முக்கால்வாசி பச்சைச் சாணத்தை நிரப்பி, அன்று சாயங்காலமே விட்டுவிட்டேன். விடிந்து போய்ப் பார்த்தால் புழுவெல்லாம் சுவரோரம் கொத்துக் கொத்தாக ஏறி நிற்கிறது, சாணத்துக்குள் கையை விட்டால் சுடுகிறது. மறுநாள் ஏறி நின்றதும் இல்லை, உள்ளே இருந்ததும் இல்லை. கூழாகிக் கிடந்தது, நாற்றம் தாங்கவில்லை.

பச்சைச் சாணமும் பச்சைக் குப்பையும் குவியலாகக் கிடந்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்னத் தொடங்கும், அந்த வேகத்தில் குவியலின் நடுப்பகுதி 50, 60 டிகிரி வரை சூடாகும். புழு தாங்குவது 30 டிகிரி சொச்சம்தான், 35-ஐத் தாண்டினால் சாகத் தொடங்கும். அதோடு பச்சைச் சாணத்திலிருந்து வரும் அமோனியா வேறு. மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, தோல் வழியாகத்தான் மூச்சு விடுகிறது, அதனால் தொட்டியில் என்ன ஆவி எழுந்தாலும் அது நேராக அதன் உடம்பில்தான் படும். இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்குப் பிடிபட்டது இதுதான்: புழுவைப் பார்த்துக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை, அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். அதன் தீனியைத்தான் நாம் பக்குவம் பண்ணித் தர வேண்டும். இந்தத் தொழிலில் பாதிக்கு மேல் தீனிப் பக்குவம்தான்.

ஆகவே புழுவை வாங்காதீர்கள். முதலில் குவியல் போடுங்கள்.

தீனிக் குவியல்

நிழலான இடத்தில், மழைத் தண்ணீர் தேங்காத மேட்டில் போட வேண்டும். முதல் முறை செய்பவர்கள் குப்பையும் சாணமும் பாதிக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள், கை பழகிய பிறகு சாணத்தைக் குறைத்து மூன்று பங்கு குப்பைக்கு ஒரு பங்கு சாணம் வரை போகலாம். குப்பை என்றால் தோட்டத்தில் கிடைப்பது எதுவும்: வாழைச் சருகு, கரும்புச் சோகை, காய்ந்த இலை, களை, மாடு தின்று கழித்த தீவனத் தட்டை, கடலைத் தோல். எதையும் முழுசாகப் போடாதீர்கள், அரிவாளால் இரண்டு மூன்று அங்குலத் துண்டாக நறுக்கிப் போட்டால் மக்குகிற நாட்கள் கணிசமாகக் குறையும். வாழைமரத்தைத் தார் வெட்டிய பிறகு அப்படியே தோட்டத்தில் சாய்த்துவிட்டுப் போகிறோம் இல்லையா, அதை வில்லை வில்லையாக அரிந்து போட்டுப் பாருங்கள், அவ்வளவு ஈரத்தை அது வைத்திருக்கும், புழுவும் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங்கேதான் போய்க் கூடும். பார்த்தீனியம் போன்ற களைகளைப் பூ எடுப்பதற்கு முன் பிடுங்கினால் போடலாம், பூத்து விதை விழுந்ததைப் போடக் கூடாது, ஏனென்றால் இந்தப் பதினைந்து இருபது நாள் சூட்டில் எல்லா விதையும் சாகும் என்று சொல்ல முடியாது, உரத்தோடு சேர்த்துக் களையையும் வயலுக்கு அனுப்பியதாகிவிடும்.

தென்னை நார்க்கழிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் கயிறு ஆலைகளில் மலை மாதிரிக் கிடக்கிறது, குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று நிறையப் பேர் அதையே முழுத் தீனியாகப் போட்டுவிடுகிறார்கள். அதில் மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு, லேசில் மக்காது. அதை மட்டுமே போட்டால் புழு சாகாது, ஆனால் மெலிந்து சிறுத்துக் கிடக்கும், முட்டையும் வைக்காது. ஈரம் பிடித்து வைக்கும் படுக்கையாக அடியில் கொஞ்சம் போடுங்கள், தீனியாக நம்பாதீர்கள்.

ஒரு அடுக்கு குப்பை, மேலே கரைத்த சாணம், மறுபடி குப்பை என்று இடுப்பளவு உயரம் கட்டி, தண்ணீர் தெளித்து, தென்னங்கீற்றால் மூடிவிடுங்கள். நான்கைந்து நாளில் உள்ளே சூடு ஏறும். வாரம் ஒருமுறை மண்வெட்டியால் வெளிப்பக்கத்தை உள்ளேயும் உள்ளே இருப்பதை வெளியேயும் புரட்டிப் போட வேண்டும். பதினைந்து முதல் இருபது நாள் ஆகும், குளிர் காலத்தில் சில நாள் கூடவும் ஆகும். நாள் கணக்கை நம்புவதை விடக் கையை நம்புவது நல்லது: குவியலின் நடுவில் முழங்கை வரை கையை விட்டு ஒரு நிமிடம் வையுங்கள், வெதுவெதுப்பு தெரிந்தால் இன்னும் ஆகவில்லை. சாணி வாடை போய், மழை பெய்த மண் வாடை லேசாக வர ஆரம்பித்தால் தயார். அப்போதும் மொத்தப் புழுவையும் விட்டுவிட வேண்டாம். ஒரு கொட்டாங்குச்சியில் அந்தத் தீனியைப் போட்டு பத்துப் புழுவை விட்டு, ஈரச் சாக்குத் துணியால் மூடி ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். பத்தும் உள்ளே சுருண்டு நிம்மதியாகக் கிடந்தால் தொட்டிக்குப் போகலாம். ஏறி வெளியே ஓடியிருந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுத்திருந்தால் அடுத்த இரண்டு மூன்று வாரச் சாணத்தைத் தொட்டிப் பக்கமே கொண்டு போகாதீர்கள். மாட்டின் வயிற்றிலுள்ள புழுவைக் கொல்லும் மருந்து சாணத்தோடு வெளியே வரும். கோழி எருவும் எனக்குச் சரிப்படவில்லை, காரம் அதிகம், ஆறு மாதம் மக்கிய பழைய எருவாக இருந்தால் கொஞ்சம் கலக்கலாம். ஆட்டுப் புழுக்கை நல்லது, ஆனால் ஊற வைத்து நொறுக்கித்தான் போட வேண்டும்.

எந்தப் புழு

வயலை உழுகிற புழுவும் தொட்டியில் உரம் போடுகிற புழுவும் வேறு வேறு. மண்ணுக்கு அடியில் வாழ்பவை மண்ணைத் தின்று வளை தோண்டும். மேல்மட்டத்தில் சருகுக்குள்ளும் சாணத்துக்குள்ளும் வாழ்பவைதான் நமக்கு வேண்டியவை. தமிழ்நாட்டுச் சமவெளியில் அதிகம் விற்பது ஆப்பிரிக்கப் புழு என்று சொல்லப்படும் யூட்ரிலஸ் யூஜினியே. பெரிதாக, செந்தவிட்டு நிறத்தில், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தலைப்பக்கம் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு மினுமினுப்பு இருக்கும். வேகமாகத் தின்னும், நம்மூர் வெப்பம் அதற்கு ஒத்துக்கொள்ளும், குளிர்தான் ஆகாது. அதனால் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் உள்ளவர்களுக்கு வரிவரியாகச் சிவந்திருக்கும் ஐசீனியா ஃபெடிடாதான் சரி. அப்புறம் நம் நாட்டுப் புழுவான பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ், பழைய எருக்குழிகளில் தானாகவே இருக்கும், மெலிசாக, தொட்டால் துள்ளித் துடிக்கும்.

காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றும் இல்லை. சென்னையைச் சேர்ந்த மண் உயிரியல் அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில் பல வருடங்களாக நாட்டுப் புழுக்களைக் கொண்டே உரம் தயாரிக்கச் சொல்லிக்கொடுத்து வருகிறார். புழுக் கழிவு குருணை குருணையாகத் தெரிகிற ஈரமான இடமாகப் பார்த்து, சாணமும் வெல்லமும் கரைத்த தண்ணீரை ஒரு சதுர மீட்டர் அளவுக்குத் தெளித்து, வைக்கோல் பரப்பி, பழைய சாக்கால் மூடி, தினமும் நனைத்துவந்தால் இருபது முப்பது நாளில் சுற்றியுள்ள புழுவெல்லாம் அந்தச் சாக்குக்கு அடியில் வந்து சேரும். நான் இதைப் புரட்டாசியில் செய்து பார்த்தேன், இரண்டு கை நிறையக் கிடைத்தது. கோடையில் செய்தால் கிடைக்காது, அப்போது அவை ஆழத்தில் சுருண்டு கிடக்கும்.

வாங்குவதானால் பக்கத்து வேளாண் அறிவியல் மையத்திலோ, ஏற்கெனவே நல்ல தொட்டி வைத்திருக்கும் விவசாயியிடமோ வாங்குங்கள். 1 கிலோவுக்கு ஏறக்குறைய ஆயிரம் புழு வரும். புழுவை மட்டும் அரித்து எடுத்து எடை போட்டுத் தருவதை விட, அது வாழும் எருவோடு சேர்த்து வாங்குவது நல்லது, ஏனென்றால் அந்த எருவில்தான் முட்டைக்கூடு இருக்கும். கொத்தமல்லி விதையை விடச் சற்றுச் சிறியதாக, இரண்டு முனையும் கூர்ந்து, இளம் மஞ்சளாக இருக்கும், பொரிக்கும் சமயத்தில் சிவந்து பழுப்பாகிவிடும். ஒரு கூட்டிலிருந்து இரண்டு மூன்று குஞ்சு, நூல் மாதிரி வெள்ளையாக வெளியே வரும். மூன்று வாரத்தில் பொரித்து, ஒன்றரை இரண்டு மாதத்தில் அதுவும் முட்டையிடும் பருவத்துக்கு வந்துவிடும், கழுத்துப் பக்கம் மோதிரம் போட்ட மாதிரிப் பட்டை தடித்தால் அந்தப் பருவம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு புழுவிலும் ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருப்பதால் பெருகுவதற்குக் குறையே இல்லை. இரண்டாக வெட்டினால் இரண்டு புழு ஆகும் என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள், அது தவறு, தயவு செய்து யாரும் செய்து பார்க்க வேண்டாம். மண்வெட்டியைத் தொட்டிக்குள் விடக் கூடாது என்று நான் சொல்வதும் அதனால்தான், கையால் அல்லது முள்கரண்டி மாதிரியான மழுங்கிய கருவியால் மட்டும் கிளறுங்கள்.

தொட்டியும் விடுவதும்

பெரிய கட்டுமானம் வேண்டாம். கிணற்று உறை, அதாவது 3 அடி விட்டமுள்ள சிமெண்ட் வளையம், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வைத்தால் ஒரு வீட்டுக்குப் போதும். அதிகம் போடுபவர்கள் ஹாலோபிளாக்கில் 10 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி உயரம் என்று கட்டலாம், அகலத்தை மட்டும் 4 அடிக்கு மேல் கூட்டாதீர்கள், நடுவில் கை எட்டாது. 12 அடிக்கு 4 அடி தார்ப்பாய்ப் பைகளும் கிடைக்கின்றன, நாலு மூங்கிலில் மாட்டினால் தொட்டி தயார். எதுவானாலும் அடியில் தண்ணீர் வடிய வழி இருக்க வேண்டும், மேலே கீற்றுக் கூரை வேண்டும். மொட்டை மாடிக்காரர்கள் பழைய தண்ணீர் டிரம்மைக் குறுக்காக அறுத்து, அடியில் துளை போட்டு, மதிய வெயில் படாத சுவரோரம் வைத்தால் போதும்.

அடியில் தேங்காய் மட்டையை நார்ப்பக்கம் மேலாக ஒரு அடுக்கு, அதன் மேல் காய்ந்த சருகு மூன்று அங்குலம், பிறகு ஆறிய தீனி ஒன்றரை அடி உயரத்துக்கு. செங்கல் ஜல்லி, மணல் என்றெல்லாம் அடுக்கச் சொல்வார்கள், வடிநீர் எடுப்பதானால் தேவை, உரம் மட்டும்தான் என்றால் நான் போடுவதில்லை, கடைசியில் உரத்தோடு மணல் கலந்து வருவதுதான் மிச்சம். சாயங்கால நேரமாகப் பார்த்துப் புழுவை மேலே பரப்பி விடுங்கள், தோண்டிப் புதைக்க வேண்டாம். வெளிச்சம் அதற்கு ஆகாது என்பதால் தீனி பிடித்திருந்தால் ஐந்து பத்து நிமிடத்தில் எல்லாம் உள்ளே போய்விடும். மேலேயே தயங்கித் தயங்கி அலைந்தால் தீனியில் ஏதோ கோளாறு. உள்ளே போன பிறகு ஈரச் சாக்கால் மூடுங்கள்.

ஈரம் பார்ப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டு வந்தால் சரி. ஓடினால் அதிகம், கையைத் திறந்ததும் உதிர்ந்தால் குறைவு. சித்திரை வைகாசியில் காலை மாலை இரண்டு வேளை தெளிக்க வேண்டியிருக்கும், ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் தெளிக்கவே தேவைப்படாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் வாளியில் பிடித்து ஒருநாள் வைத்துவிட்டு ஊற்றுங்கள். உப்புத் தண்ணீர் மட்டும் உள்ள இடங்களில் மழைநீரைச் சேர்த்து வைத்துக்கொள்வதுதான் வழி.

வீட்டுக் கழிவு போடுபவர்களுக்குக் கணக்கு இது: ஒரு புழு தன் எடையில் பாதி அளவு தினமும் தின்னும் என்று வைத்துக்கொண்டால், 1 கிலோ புழுவுக்கு அரை கிலோ கழிவு. தொடக்கத்தில் அதிலும் பாதிதான் போட வேண்டும். காய்த் தோல், பழத் தோல், டீத்தூள், கீரைத் தண்டு, பொடித்த முட்டை ஓடு எல்லாம் போகும். எலுமிச்சை, புளி, ஊறுகாய், குழம்பு ஊற்றிய சோறு, எண்ணெய்ப் பண்டம், இறைச்சி, மீன் கழிவு, பால், தயிர் எதுவும் கூடாது. கல்யாண மண்டபத்து வாழை இலையைச் சிலர் வண்டியில் ஏற்றி வந்து கொட்டுகிறார்கள், நானும் ஒருமுறை செய்தேன், இலை நல்ல தீனிதான், அதில் ஒட்டியிருக்கும் உப்பும் எண்ணெயும்தான் புழுவைக் கொல்கிறது. கழுவி, வாரக்கணக்கில் குவியலில் மக்க வைத்தால் மட்டும் போடுங்கள். ஈரக் கழிவு ஒரு பங்கு என்றால் காய்ந்த இலை இரண்டு பங்கு, எப்போதும் ஒரு ஓரத்தில் மட்டும் போட்டு சருகால் மூடுங்கள். அடுத்த நாள் அடுத்த ஓரம். எங்காவது சூடானால் புழு மறுபக்கம் ஒதுங்கிக்கொள்ள இடம் இருக்கும்.

என்ன கெட்டுப்போகும்

நாற்றம் வந்தால் காற்று இல்லை என்று பொருள். தண்ணீரை நிறுத்தி, கையால் பொலபொலவென்று கிளறி, காய்ந்த இலையோ கிழித்த அட்டைப் பெட்டியோ கலந்து விடுங்கள், மூன்று நாளில் போய்விடும். புழுவின் உடம்பு மணி கோத்த மாதிரி அங்கங்கே வீங்கி இடையிடையே சுருங்கியிருந்தால் பச்சைக் கழிவும் சத்தான தீனியும் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது, அந்தப் புழுக்கள் பிழைப்பது கடினம், மீதியை உடனே பழைய எருவுக்கு மாற்ற வேண்டும்.

எறும்பு வந்தால் தொட்டி காய்கிறது என்று அது நமக்குச் சொல்கிறது. ஈரம் கூட்டுங்கள், தொட்டியைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்குத் தண்ணீர் நிற்கும்படி வாய்க்கால் எடுங்கள். எறும்புப் பொடியும் பூச்சி மருந்தும் கிட்டவே வரக் கூடாது. கோழி ஒரு மணி நேரத்தில் ஒரு தொட்டியைக் காலி செய்துவிடும், பெருச்சாளி ராத்திரியில் வரும், அதனால் கம்பி வலை அவசியம். பூரான் கண்ணில் பட்டால் எடுத்து வெளியே விடுங்கள். தடித்த, வரி போட்ட ஈப்புழுக்கள் சமையலறைக் கழிவில் வரும், அவை மண்புழுவை ஒன்றும் செய்யாது, தீனியில் பங்குக்கு வரும், அவ்வளவுதான். கழிவைத் திறந்தபடி போடாமல் மூடினால் குறையும்.

மழைக்காலம்தான் எனக்குப் பயம். ஒரு ஐப்பசி ராத்திரி கூரை ஒழுகித் தொட்டியில் தண்ணீர் நின்றுவிட்டது, காலையில் சிமெண்ட் தரை முழுக்கப் புழு, வாசல் வரை ஊர்ந்து போயிருந்தது. நானும் வீட்டுக்காரியும் இரண்டு மணி நேரம் குனிந்து பொறுக்கினோம். அதிலிருந்து ஆவணியிலேயே கூரையைப் பிரித்து வேய்ந்துவிடுகிறேன், வடிகால் துளையில் குச்சி விட்டு அடைப்பும் எடுத்துவிடுகிறேன்.

உரம் எடுப்பது

நாற்பத்தைந்து முதல் அறுபது நாளில் மேற்பரப்பு கறுத்து, டீத்தூள் மாதிரிக் குருணையாகத் தெரியும். போட்ட தீனியில் எடைக்குப் பாதி உரம் வந்தால் நல்ல கணக்கு. எடுப்பதற்கு நான்கைந்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள், மேல்புறம் காயக் காயப் புழு கீழே இறங்கும். பிறகு தரையில் சாக்கு விரித்துக் கூம்பு கூம்பாகக் குவித்து ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் விட்டால் இன்னும் அடியில் போய்விடும், மேலிருந்து வழித்து வழித்து எடுக்கலாம், கடைசியில் அடியில் புழு பந்தாகத் திரண்டு கிடக்கும். அவசரமில்லை என்றால் இன்னொரு நல்ல வழி உண்டு: ஆறிய சாணத்தை உருண்டை பிடித்து நாலைந்து இடத்தில் புதைத்து வையுங்கள், இரண்டு நாளில் புழுவெல்லாம் அதற்குள் போயிருக்கும், உருண்டையோடு தூக்கி அடுத்த தொட்டியில் வைத்துவிடலாம். ஒரு புழுவும் காயப்படாது.

எடுத்த உரத்தை நிழலில் உலர்த்தி 3 மில்லிமீட்டர் சல்லடையில் சலியுங்கள். மேலே நிற்கும் கப்பியில் முட்டைக்கூடுகள் நிறைய இருக்கும், அதை அப்படியே புதுத் தொட்டியில் கொட்டுங்கள், தூக்கி எறியாதீர்கள். வெயிலில் காய வைக்கக் கூடாது, எலும்பாகக் காய்ந்துவிட்டால் அதிலுள்ள நுண்ணுயிர் போய்விடும். லேசான ஈரத்தோடு சாக்கில் கட்டி நிழலில் வைத்தால் சில மாதம் வரை நன்றாக இருக்கும்.

தொட்டிச் செடிக்கு மாதம் இரண்டு கைப்பிடி, நாற்றங்கால் மண்ணில் நாலில் ஒரு பங்கு, வயலுக்கு ஏக்கருக்கு 2 டன். இதில் தழைச்சத்து ஒன்றிரண்டு சதவீதம்தான், யூரியா போட்ட மூன்றாம் நாள் பயிர் கரும்பச்சையாகக் கறுக்கிற மாதிரிக் கறுக்காது. மண் பொலபொலப்பாகி, தண்ணீர் விட்டால் உள்ளே இறங்குவது இரண்டாம் வருடம்தான் கண்ணுக்குத் தெரியும், எங்கள் வாழைக்கு அப்படித்தான் தெரிந்தது. போட்டதும் மண்ணால் அல்லது சருகால் மூடிவிடுங்கள். சிலர் உரத்தோடு ஆப்பிரிக்கப் புழுவையும் வயலில் கொட்டி, அது உழுதுகொள்ளும் என்று இருக்கிறார்கள். அது சருகில் வாழும் புழு, வெறும் மண்ணில் வெயிலில் செத்துப்போகும். வயலில் ஏற்கெனவே இருக்கும் நாட்டுப் புழு பெருக வேண்டுமானால் மூடாக்கும் ஈரமும் கொடுங்கள், அதுவே வந்துவிடும்.

தொட்டிக்கு அடியில் வடியும் பழுப்புத் தண்ணீரை வெர்மிவாஷ் (பயிருக்குத் தெளிக்கும் மண்புழுக் குளியல் நீர்) என்று இலையில் அடிக்காதீர்கள், அது மக்காத கழிவின் சாறு, நாற்றம் இருந்தால் மரத்தடியில் ஊற்றிவிடுங்கள். வெர்மிவாஷுக்குத் தனி டிரம்மில் ஜல்லி, மணல், மண், நன்றாக மக்கிய எரு என்று அடுக்கி, புழு நிறையப் பெருகிய பிறகு மேலே பானையிலிருந்து தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அடிக்குழாயில் பிடிக்க வேண்டும், தேன் நிறத்தில் வாடையின்றி இருக்கும். அதை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து சாயங்காலம் தெளிக்கலாம்.

இரண்டு மூன்று முறை எடுத்த பிறகு புழு மிஞ்சும், அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். கொடுக்கும்போது பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுக்காதீர்கள், வேர்த்து அவிந்துவிடும். சின்னச் சாக்குப் பையில் பாதிக்கு அவை வாழ்ந்த எருவையே போட்டு, புழுவை விட்டு, வாயைத் தளர்வாகக் கட்டி, வெயில் தாழ்ந்த பிறகு கொடுத்தனுப்புங்கள். அதற்கு முன், அவர்கள் போட்ட குவியலுக்குள் ஒருமுறை கையை விட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.